இலக்கிய வகைகளும் அணிநலன்களும் – நம் வட்டாரம் தரும் பாடம்



‘இலக்கிய வகை’, ‘அணி’ என்னும் சொற்களைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வினாத்தாள்தான். ‘உவமை அணியை எடுத்துக்காட்டுடன் விளக்குக’ என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்ததை எழுதுவோம். மதிப்பெண் வரும். கோடை விடுமுறை வந்ததும் மறந்துவிடுவோம். படித்தது தேர்வோடு முடிந்துவிட்டால், அது பாத்திரத்தைத் துலக்கி வைத்துவிட்டுச் சமைக்காமல் இருப்பதற்கு ஒப்பாகும்.

இலக்கிய வகைகளும் அணிகளும் தேர்வுக்காகத் தோன்றியவை அல்ல. மனிதன் தன் உள்ளத்தில் உள்ளதைப் பிறர் உள்ளத்தில் சேர்ப்பதற்குக் கண்ட வழிகள் அவை. அவற்றை அறிந்துகொள்ள நாம் நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பேருந்தில் செல்லும் வழியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தமிழ் இலக்கியத்தின் ஏறக்குறைய எல்லா வகைகளும் பிறந்து வளர்ந்திருக்கின்றன. ஆகவே நம் ஊர்களையே பாடநூலாகக் கொண்டு இப்பொருளைச் சற்றுக் காண்போம்.

வகை அறிதல் ஏன்?

துணிக்கடைக்குச் செல்கிறோம். பட்டுக்கு ஒரு விலை, பருத்திக்கு ஒரு விலை. துவைக்கும் முறையும் வேறு. பட்டைக் கல்லில் அடித்துத் துவைத்தால் பாழாகும். இலக்கியமும் அப்படியே. கதையைச் செய்தியாகப் படித்தாலும், பாட்டைக் கணக்காகப் படித்தாலும் பொருள் கெடும். ‘இது எவ்வகை நூல்?’ என்று முதலில் கேட்பவளுக்கு அந்த நூல் தானே கதவைத் திறக்கும்.

நம் முன்னோர் இலக்கியத்தை முதலில் செய்யுள், உரைநடை எனப் பிரித்தனர். வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா எனப் பாக்கள் நான்கு. அவற்றின் இனங்கள் பல. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபரர், இப்பாக்களுக்கும் இனங்களுக்கும் எடுத்துக்காட்டாகத் தாமே செய்யுள்கள் இயற்றி ஒரு நூலாக்கினார். தில்லை இறைவனைப் போற்றும் அந்நூலின் பெயர் ‘சிதம்பரச் செய்யுட்கோவை’. இலக்கணப் பாடத்தையே பக்திப் பாடலாக்கிய அப்புலவரின் திறம் வியக்கத்தக்கது. யாப்பு கற்க விரும்பும் மாணவி, நம் ஊரின் பெயரைத் தாங்கிய அந்நூலை ஒருமுறையேனும் நூலகத்தில் கேட்டு வாங்கிப் பார்த்தல் வேண்டும்.

காப்பியம்

ஒரு பெருங்கதையை நாடு, நகர், மக்கள், இயற்கை ஆகியவற்றின் வருணனையோடு விரித்துப் பாடுவது காப்பியம். நம் வட்டாரத்தோடு தொடர்புடைய இரு காப்பியங்களை இங்கே இணைத்துப் பார்க்கலாம்.

ஒன்று, சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழப் பேரரசில் அமைச்சராக விளங்கிய சேக்கிழார், தில்லையின் ஆயிரங்கால் மண்டபத்தில் இந்நூலை அரங்கேற்றினார் என்பது மரபு. இதன் சிறப்பு என்ன? பொதுவாகக் காப்பியத்தின் தலைவன் அரசன் அல்லது வீரன். இங்கேயோ குயவரும் வண்ணாரும் பரதவரும் வேட்டுவரும் அந்தணரும் அரசரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். அறுபத்து மூவர் வாழ்க்கை ஒரு காப்பியமாயிற்று.

மற்றொன்று, இத்தாலி நாட்டிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி. 1680-ஆம் ஆண்டு பிறந்த இவரது இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. விருத்தாசலத்திற்கு அருகிலுள்ள கோனான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பியவர் இவரே. கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சி இவரது பணியின் மற்றொரு நிலைக்களம். தேம்பாவணி மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. இதன் தலைவர் யார்? நற்செய்தி நூல்களில் ஒரு சொல்கூடப் பேசாத புனித சூசையப்பர்! தச்சுத் தொழில் செய்து, பேசாமல் கடமையாற்றிய ஒருவரைக் காப்பியத் தலைவராக்கியதே ஒரு புதுமை. யூதேயா நாட்டைப் பாடும்போதும் தமிழ்நாட்டு வயலையும் மழையையும் கண்முன் கொண்டுவந்தார் முனிவர். அயல்நாட்டுக் கதை தமிழ் மண்ணில் வேரூன்றியது இவ்வாறுதான்.

பதிகமும் அந்தாதியும்

பத்துப் பாடல்கள் அளவில் ஒரு பொருளைப் பாடுவது பதிகம். பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர் எண்ணற்ற பதிகங்கள் பாடினார். வழி தவறிய தம்பிக்காகத் திருவதிகையில் இறைவனை வேண்டி நின்றவர் அவருடைய தமக்கை திலகவதியார். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட நாவுக்கரசர் பாடிக்கொண்டே திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்பது வரலாற்று மரபு.

ஒரு பாடலின் இறுதிச் சொல்லோ சீரோ அடுத்த பாடலின் முதலாக வருவது அந்தாதி. அந்தம் என்றால் முடிவு. ஆதி என்றால் தொடக்கம். உரைநடையில் விளையாட்டாக இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: ‘நம் ஊருக்கு வேலி கடல். கடல் தருவது மீன். மீன் விற்றுப் படிக்க வைத்தாள் தாய். தாய் மகிழ்ந்தால் மகிழ்வது நம் ஊர்.’ தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறதல்லவா? ஏட்டில் எழுதாமல் நினைவில் வைத்துக் காத்த காலத்தில், ஒரு பாடலை மறக்காமல் அடுத்ததற்குச் செல்ல இம்முறை கைகொடுத்தது. அந்தாதி நூல்களுள் மிகத் தொன்மையானதாகக் கருதப்படும் ‘அற்புதத் திருவந்தாதி’யைப் பாடியவர் ஒரு பெண்மணி, காரைக்கால் அம்மையார். நம் மாணவியர் இதனைப் பெருமையோடு நினைவில் கொள்ளலாம்.

இப்பாடல்கள் நமக்குக் கிடைத்த கதையும் நம் வட்டாரத்திற்கே உரியது. தேவாரச் சுவடிகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. முதலாம் இராசராச சோழனும், காட்டுமன்னார்கோயில் அருகிலுள்ள திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறந்தபோது பெரும்பகுதியைக் கறையான் அரித்திருந்தது என்று மரபு கூறுகிறது. எஞ்சியவையே இன்று ஓதப்படுகின்றன. அதே காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த நாதமுனிகள், ஆழ்வார் பாடல்களில் சிலவற்றைப் பிறர் பாடக் கேட்டு, மீதி எங்கே என்று தேடிப் புறப்பட்டார். அத்தேடலால் கிடைத்ததே நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் என்பர். கேட்டுத் தேடுவார் இல்லாவிடில் எவ்வளவு பெரிய இலக்கியமும் அழியும் என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளைவிட வேறு சான்று தேவையில்லை.

சிற்றிலக்கியங்கள்

இவற்றைத் தொண்ணூற்றாறு வகை என்று கணக்கிடுவது மரபு. எல்லாவற்றையும் சொல்லப் புகுந்தால் இம்மலர் போதாது. மூன்றை மட்டும் காண்போம்.

பிள்ளைத்தமிழ்: கடவுளையோ தலைவரையோ குழந்தையாகப் பாவித்துப் பாடுவது. குழந்தையின் வளர்ச்சி பத்துப் பருவங்களாக வரும். செங்கீரை ஆடுவதும், கைகொட்டுவதும், நிலாவை விளையாட அழைப்பதும் ஆண், பெண் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்று பருவங்கள் மட்டும் வேறுபடும். ஆண் குழந்தை சிற்றிலைச் சிதைக்கும், சிறுபறை கொட்டும், சிறுதேர் உருட்டும். பெண் குழந்தை அம்மானை ஆடும், நீராடும், ஊசலாடும். பெண் கட்டிய மணல் வீட்டை ஆண் பிள்ளை காலால் கலைப்பது அக்காலத்திலும் வழக்கம்தான் போலும்!

கலம்பகம்: பலவகை மலர்களைக் கலந்து கட்டிய மாலை போலப் பலவகைப் பாடல்களைக் கலந்து தொடுப்பது. ஒருவர் கண்ணில்லாதவர், மற்றவர் கால் இயலாதவர் என்று சொல்லப்படும் இரட்டைப் புலவர்கள் தில்லைக் கலம்பகம் பாடினர். ஒருவர் தொடங்க மற்றவர் முடிப்பாராம். வீரமாமுனிவர் அதே வகையைக் கையாண்டு, ஏலாக்குறிச்சி அன்னையின்மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். தில்லைக்கு ஒன்று, திருக்காவலூருக்கு ஒன்று. பாத்திரம் ஒன்றே, அவரவர் பக்தி அதில் நிறைந்தது.

தூது: பிரிந்திருப்பவரிடம் கிளி, மேகம், அன்னம் முதலியவற்றை அனுப்புவதாகப் பாடுவது. சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் பறவையையும் மேகத்தையும் அனுப்பவில்லை. தம் நெஞ்சையே இறைவனிடம் தூது விட்டார். ‘நெஞ்சு விடு தூது’ சைவ சித்தாந்த நூல்கள் பதினான்கனுள் ஒன்றாக விளங்குகிறது.

கீர்த்தனையும் நாடகமும்

ஒரே கதை வகை மாறும்போது எப்படி மாறுகிறது என்பதற்கு நந்தனார் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டு. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் புராணத்தைச் சேக்கிழார் சுருக்கமாகவும் அமைதியாகவும் பாடியுள்ளார். தில்லைக்குச் செல்ல ஏங்கியும், தம் குலத்தை எண்ணி ‘நாளைப் போவேன்’ என்று தயங்கிய அடியவர் அவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதனை ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யாக ஆக்கினார். காப்பியத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை இதில் சேர்த்தார். நந்தனாரைத் தில்லைக்கு அனுப்ப மறுக்கும் நிலக்கிழாராகிய வேதியர் அவர். ஏன் சேர்த்தார்? கீர்த்தனை பலர் முன்னிலையில் பாடியும் நடித்தும் காட்டப்படுவது. எதிர்த்துப் பேச ஒருவர் இருந்தால்தான் மேடை உயிர்பெறும். உள்ளத்தில் நடந்த தயக்கம் மேடையில் இருவரின் வாதமாயிற்று. அதனால் நந்தனார் பட்ட கொடுமையும் மக்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாடகத்தின் உயிர் முரண்பாடு என்று சொல்வது இதனைத்தான். ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதும் மாணவியர் இதனை உள்ளத்தில் இருத்துக. நல்லவர் நால்வர் கூடி ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டிருந்தால் அது நாடகம் ஆகாது!

உரைநடை, நாவல், சிறுகதை

உரைநடை நம் நாட்டில் முன்னரே இருந்ததாயினும், பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வந்தபின் செழித்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிழையற்ற, தெளிந்த உரைநடையில் பாடநூல்கள் எழுதியவர் அவர். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகளார் பாடல்களுக்காகவே பெரிதும் அறியப்படுகிறார். எனினும் ‘மனுமுறை கண்ட வாசகம்’, ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ ஆகிய உரைநடை நூல்களையும் அவர் எழுதினார். பசித்தவருக்கு உணவளிக்க 1867-இல் வடலூரில் அவர் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. அவர் எழுத்தும் செயலும் ஒன்றையே பேசின.

நகைச்சுவை உரைநடைக்கு வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குரு கதை’ முன்னோடி. மூட குருவும் அவரினும் மூடரான சீடரும் படும் பாடு அது. 1822-இல் இலண்டன் மாநகரில் இந்நூல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சாயிற்று.

பலரின் நீண்ட வாழ்க்கையை உரைநடையில் விரித்துரைப்பது நாவல். தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. இதனை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். கொள்ளிடத்தைக் கடந்தால் அடுத்த ஊர்க்காரர் என்றே நாம் அவரைச் சொந்தம் கொண்டாடலாம். பெயர் பிரதாப முதலியாருடையதாயினும், கதையில் அறிவாலும் துணிவாலும் ஓங்கி நிற்பவள் அவர் மனைவி ஞானாம்பாள். பெண்கள் படிக்க வேண்டுமென்று ‘பெண்மதிமாலை’ பாடிய அதே உள்ளம்தான் ஞானாம்பாளையும் படைத்தது.

சிறுகதை வேறு. நாவல் ஒரு முழுப் பயணம் என்றால், சிறுகதை ஒரு நிறுத்தத்தில் கண்ட காட்சி. ஒரு நிகழ்ச்சி, ஓர் உணர்ச்சி, ஒரு திருப்பம் அதற்குப் போதும். தமிழ்ச் சிறுகதையின் இரு பெருங்கலைஞர்கள் கடலூரில் பிறந்தவர்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர் சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தன். 1934-இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர் ஜெயகாந்தன். முன்னவர் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்ற கதையில் கடவுளைச் சென்னைத் தெருவில் நிறுத்தி, மனிதரின் போக்கைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டினார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட பின்னவர், 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெறும் அளவுக்கு உயர்ந்தார். அவருடைய ‘யுகசந்தி’யில், நெய்வேலியில் ஆசிரியையாக இருக்கும் இளம் விதவை மறுமணம் செய்துகொள்ள முடிவு செய்கிறாள். குடும்பமே கொதிக்கிறது. வாழ்நாளெல்லாம் விதவைக் கோலத்தில் கழித்த பாட்டி பேத்தியின் பக்கம் நிற்கிறாள். கதை அங்கே நின்றுவிடுகிறது. நம் சிந்தனை தொடங்குகிறது.

பாட்டுக்கும் உரைநடைக்கும் நடுவே பாரதியார் ஒரு பாலம் கட்டினார். அது வசன கவிதை. புதுவையை விட்டு வெளியேறிய அவர் 1918 நவம்பரில் கடலூர் அருகே கைது செய்யப்பட்டு, சில வாரங்கள் கடலூர்ச் சிறையில் இருந்தார். இன்றைய புதுக்கவிதைக்கு வழிகாட்டியவரின் காலடி பட்ட மண் இது.

அணிகள்

இனி அணிகளுக்கு வருவோம். தொல்காப்பியம் உவமைக்கென ஓர் இயலே வகுத்தது. பின்னர் வந்த தண்டியலங்காரம் முப்பத்தைந்து பொருளணிகளைக் கூறுகிறது. அடிக்கடி வருபவற்றை மட்டும் நம் ஊர்ப் பேச்சிலேயே காண்போம்.

உவமை: தெரிந்ததைக் காட்டித் தெரியாததை விளக்குவது. ‘கோடையில் கெடிலம் உலர்த்திய சேலை போல நீண்டு கிடக்கிறது.’ கெடிலம் உவமேயம், சேலை உவமானம், ‘போல’ உவம உருபு, நீண்டு கிடப்பது பொதுத்தன்மை. இந்நான்கையும் கண்டுகொண்டால் உவமை கைவந்துவிடும்.

உருவகம்: ‘போல’வை நீக்கி இரண்டும் ஒன்றே என்பது. ‘தாயின் கைகளே எங்களுக்குக் கூரை.’ நாள்தோறும் நாம் சொல்லும் மாதா பிரார்த்தனையில் அன்னையை மலராகவும் கோபுரமாகவும் விடிவெள்ளியாகவும் அழைக்கிறோமே, அவை அனைத்தும் உருவகங்கள்தாம்.

தற்குறிப்பேற்றம்: இயல்பாக நடப்பதன்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றுவது. ‘இன்னும் திரும்பாத படகுகளைப் பற்றி விசாரிக்கவே தேவனாம்பட்டினத்து அலைகள் கரைக்கு ஓடி வருகின்றன.’ அலை எப்போதும் வருவதுதான். கவலை அலையினுடையது அன்று, கரையில் நிற்பவளுடையது.

உயர்வு நவிற்சி: மிகைப்படுத்திச் சொல்வது. ‘பண்ருட்டியில் பலா அறுத்தால் விழுப்புரம் சந்திப்பில் நிற்கும் ரயிலுக்கே மணக்கும்.’

இயல்பு நவிற்சி: உள்ளதை உள்ளவாறே சொல்வது. ‘பிச்சாவரத்தில் படகு நின்றது. துடுப்பிலிருந்து நீர் சொட்டியது. ஒரு கொக்கு திரும்பிப் பார்த்தது.’ எளிது போலத் தோன்றும். எழுதிப் பார்த்தால்தான் அருமை தெரியும்.

சிலேடை: ஒரு சொல் இரு பொருள் தருவது. ‘அன்னையின் திருவிழாவில் மாலை வந்ததும் கூட்டம் கூடிவிட்டது.’ வந்தது பொழுதா, பூமாலையா? இரண்டும்தான்.

முரண்: எதிரெதிரானவற்றை அருகருகே வைப்பது. ‘கண்ணுக்கு எட்டிய வரை கடல், குடத்துக்கு எட்டியது ஒரு குவளை நீர்.’

வஞ்சப் புகழ்ச்சி: புகழ்வது போலப் பழிப்பதும், பழிப்பது போலப் புகழ்வதும். ‘எங்கள் தோழி மிகவும் நேர்மையானவள். வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதும்போது அதிலுள்ள பிழையைக்கூட மாற்றமாட்டாள்!’ பரமார்த்த குருவின் பெருமையும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஓசை நயத்துக்குரியவை மோனையும் எதுகையும். ‘கடலும் கழனியும் கைகோத்த கடலூர்’ என்பதில் முதலெழுத்துகள் இயைவது மோனை. ‘ஆடல், பாடல், நாடல்’ என்பவற்றில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை.

ஒரு எச்சரிக்கையும் தேவை. அணியென்றால் நகை. திருமண வீட்டிற்குப் போகும் பெண் இருக்கும் நகை எல்லாவற்றையும் ஒருங்கே பூட்டிக்கொண்டால் முகம் தெரியாது. கட்டுரையிலும் ஒரு பத்திக்கு ஒரு நல்ல உவமை போதும்.

மறைநூல் காட்டும் வழி

இவ்வறிவு தேர்வறைக்கு வெளியே எங்கே பயன்படும் என்று கேட்கலாம். முதலாவதாக, மறைநூலை வாசிக்கும்போது. திருவிவிலியம் ஒரே நூல் போலத் தோன்றினும் அது ஒரு நூலகம். வரலாறு, சட்டம், திருப்பாடல், நீதிமொழி, இறைவாக்கு, நற்செய்தி, கடிதம், காட்சி நூல் ஆகிய பல வகைகள் அதனுள் உள்ளன. நல்ல சமாரியரின் கதையை ஆண்டவர் சொன்னபோது, யாரும் அந்தச் சத்திரம் எங்கே என்று தேடிப் போகவில்லை. அது உவமைக் கதை என்பதைக் கேட்டவர் அறிந்திருந்தனர். ‘எனக்கு அடுத்திருப்பவர் யார்?’ என்ற கேள்வி மட்டும் அவர்கள் நெஞ்சில் தைத்தது. திருப்பாடல் ஆசிரியர் இறைவனைப் பாறை என்றபோது, அது உருவகம் என்று நாம் உணர்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறை வெளிப்பாடு’ என்னும் ஏடு, மறைநூல் ஆசிரியர்களின் கருத்தை அறிய இலக்கிய வகைகளையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறது. வகை தெரியாமல் வாசிப்பதால் வீண் ஐயங்களும் வீண் சண்டைகளும் எழுந்ததை உலக வரலாறு காட்டும்.

இரண்டாவதாக, அன்றாட வாழ்வில். விளம்பரம் நம்மிடம் பேசுவது உயர்வு நவிற்சியில். மேடைப் பேச்சில் தலைவர் சிங்கமாவது உருவகத்தால். கைப்பேசியில் ஓடிவரும் செய்திகளுள் எது செய்தி, எது கதை, எது எள்ளல் என்று தெரியாமல் பிறருக்கு அனுப்பி, ஒருவரின் நற்பெயரைக் கெடுத்துவிடுகிறோம். அணியை அறிந்த பெண்ணை ஏமாற்றுவது எளிதன்று. ‘இது உவமை, பொதுத்தன்மை எங்கே?’ என்று அவள் கேட்பாள்.

ஏட்டில் ஏறாத இலக்கியம்

இறுதியாகப் பெற்றோருக்கும் மாணவியருக்கும் ஒரு வேண்டுகோள். இதுவரை கூறியவை ஏட்டில் ஏறிய இலக்கியங்கள். ஏட்டில் ஏறாதவை நம் வீடுகளில் உள்ளன. அவை தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு, கும்மி, விடுகதை, பழமொழி. இவற்றைப் படைத்தவர்களும் காத்தவர்களும் பெரும்பாலும் எழுத்தறியாப் பெண்கள். தண்டியலங்காரத்தின் பெயரைக்கூடக் கேட்டிராத பாட்டி, தாலாட்டில் மாமன் கொண்டுவரும் சீரை உயர்வு நவிற்சியில் பாடுகிறாள். ஒப்பாரியில் இறந்தவரை மரமாகவும் மதிலாகவும் உருவகம் செய்கிறாள். நாற்று நடும் பெண்களின் பாட்டில் மோனையும் எதுகையும் கை அசைவோடு தாமே வந்து விழுகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபின், பிள்ளைகளை இழந்த தாய்மாரின் துயரைத் தாங்கியது எந்த நூலும் அன்று. வழிவழி வந்த ஒப்பாரியே.

இப்பாடல்கள் விரைவாக மறைந்து வருகின்றன. நடவு இயந்திரம் வந்த வயலில் நடவுப் பாட்டு இல்லை. கைப்பேசியைப் பார்த்து உறங்கும் குழந்தைக்குத் தாலாட்டு இல்லை. தில்லையில் சுவடியை அரித்தது கறையான். வீட்டில் பாட்டியின் பாட்டை அரிப்பது நம் பாராமுகம். அன்று அறையைத் திறக்க ஓர் அரசனும் ஒரு புலவரும் வேண்டியிருந்தனர். இன்று ஒரு குறிப்பேடும் பென்சிலும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

ஆகவே ஒவ்வொரு மாணவியும் இந்த விடுமுறையில் தன் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள ஒரு முதியவரிடம் அமர்ந்து ஒரு தாலாட்டையோ, பத்து விடுகதைகளையோ, ஒரு நடவுப் பாட்டையோ கேட்டு எழுதுவாளாக. திருத்தாமல், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுக. யாரிடம், எந்த ஊரில் கேட்டது என்பதையும் குறித்துக்கொள்க. பின் அது எவ்வகை இலக்கியம், அதில் என்னென்ன அணிகள் உள்ளன என்று நாம் வகுப்பில் கூடிக் காணலாம். அங்கே உவமையைக் கண்டுபிடிக்கும் மாணவிக்கு அது இரண்டு மதிப்பெண் வினாவாகத் தோன்றாது. தன் பாட்டியின் குரலாகவே கேட்கும்.

நாதமுனிகள் சில பாடல்களைக் கேட்டுவிட்டு ‘மீதி எங்கே?’ என்று கேட்டார். நாமும் நம் வீட்டில் அதே கேள்வியைக் கேட்போம். வாழ்க தமிழ்!